சேலத்தில் முளைத்த பதினான்கு பற்கள்

போன மாதம் தருமபுரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் மேல்தாடையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் நான்கு திருகுகளை இறக்கி அவற்றின்மேல் பல்செட்டை மாட்டிவிடலாம் என்றார். நான்கு போதுமா, ஆறு வேண்டாமா, ஒன்று பிடிக்காமல் போனால் மற்ற மூன்றும் தாங்குமா, எண்பத்தேழு வயது எலும்பில் திருகு நிற்குமா என்று பதினோரு கேள்விகள் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பன்னிரண்டாவதாக, "அண்ணத்தை மூடுமா?" என்று கேட்டேன்.

"மூடாதுங்க ஐயா. திருகே பிடிச்சுக்கும். அண்ணம் காலியாத்தான் இருக்கும்."

அண்ணத்தை மூடாத பல்செட்! அது எழுபத்தோராம் வருடத்திலேயே இருந்திருந்தால் எனக்கும் என் மனைவியின் பெரியப்பாவுக்கும் சண்டை வந்திருக்காது. வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அன்று நான் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

நான் அப்போது பொம்மிடி ரயில் நிலையத்தில் கூட்ஸ் கிளார்க். புளி, நிலக்கடலை, மாங்காய் என்று மூட்டையும் கூடையும் எண்ணி வண்டியில் ஏற்றும் வேலை. ஊர், நிலையத்திலிருந்து சைக்கிளில் முப்பத்தைந்து நிமிடம். முப்பத்தெட்டு வீடுகள், எல்லாம் வேதக்காரர் வீடுகள், கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவனைப் பல்லை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். முளைக்கும்போதே பழுப்புக் கோடு விழுந்துதான் முளைக்கும். இருபது வயதில் குழி விழும். பிறகு சுண்ணாம்புச் சுவர்போல உதிரும். தண்ணீர்தான் காரணம் என்று பின்னால் சொன்னார்கள். அப்போது சொன்னதெல்லாம், நாங்கள் பல் தேய்ப்பதில்லை என்பதுதான். நான் நாளுக்கு இரண்டு வேளை தேய்த்தேன். இருந்தும் முப்பத்து மூன்று வயதுக்குள் மேல்வரிசையில் ஐந்து தானாகப் போயின. ஈறு பழுத்து மிச்சம் ஒன்பதையும் ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்கள். கீழே பன்னிரண்டு நின்றன, அவையும் ஏனோதானோவென்று.

ஏழு மாதம் மேல்பல் இல்லாமல் இருந்தேன். துண்டை வாயின்மேல் போட்டுக்கொண்டுதான் பேசுவேன். மூட்டை தூக்குகிறவர்கள் முகத்துக்கு நேரே "கிளார்க்கு சார்" என்பார்கள், வண்டிக்கு அந்தப் பக்கம் போனதும் "பொக்க" என்பார்கள். ஒருநாள் நிலையத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "பெரியவரே, சேலம் வண்டி போயிடுச்சா?" என்று கேட்டார். அவருக்கு என்னைவிட இருபது வயதாவது கூடுதல் இருக்கும். அந்த வாரமே சேலத்துக்கு வண்டி ஏறினேன்.

சேலத்தில் ஒரு சீனாக்காரர் பல் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பம். நம்மைவிட நல்ல சேலத்துத் தமிழ் பேசினார். ஐந்து முறை போனேன். முதல் முறை வாய் நிறைய மாவுபோல் எதையோ அப்பி அச்சு எடுத்தார். இரண்டாம் முறை மெழுகில் கடிக்கச் சொன்னார். மூன்றாம் முறை நிறம் பார்ப்பதற்காக ஒரு பெட்டியைத் திறந்தார். அதில் பல் பல்லாக வரிசை கட்டி வைத்திருந்தது.

"உங்க பக்கத்து ஆளுங்களுக்கு இந்தப் பழுப்புதான் கட்டறதுங்க சார். கீழ்ப்பல்லோட சேரணும் இல்லீங்களா?" என்று கடைசியில் இருந்ததை எடுத்துக் காட்டினார்.

"முப்பத்து மூணு வருசம் பழுப்பு பாத்தாச்சு. வெள்ளையே கட்டுங்க."

"மேல வெள்ளை, கீழ பழுப்புன்னா ரெண்டு ஆளு வாயி மாதிரி இருக்கும் சார்."

"இருக்கட்டும்."

ஐந்தாம் முறை மாட்டிவிட்டார். பதினான்கு பல். அண்ணம் முழுவதையும் மூடிய இளஞ்சிவப்புத் தகடு. வெற்றிடம் உறிஞ்சிப் பிடிப்பதால்தான் மேல்செட்டு விழாமல் நிற்கிறது, அதனால் அண்ணத்தை மூடாமல் கட்ட முடியாது என்று விளக்கினார். எனக்கு விளக்கம் வேண்டியிருந்தது. விளக்கம் இல்லாமல் எதையும் வாயில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

வீட்டுக்கு வந்து சிரித்துக் காட்டினேன். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏங்க, வேற யாரோ ஆம்பள வூட்டுக்குள்ள வந்துட்டாப்ல இருக்குதுங்க" என்றாள். மறுநாள் கூட்ஸ் ஷெட்டில் மூட்டைக்காரர் ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "மேல சேலம் ஜங்ஷன், கீழ பொம்மிடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு மாதத்தில் வெளியே துண்டில்லாமல் சிரித்த முதல் சிரிப்பு அது. அன்றே ஒரு தீர்மானம் செய்தேன். என் மனைவியைத் தவிர வேறு எவர் கண்முன்னாலும் இந்தப் பதினான்கும் என் வாயை விட்டு இறங்காது.

அந்தத் தீர்மானத்துக்குச் சோதனை கோயிலில் வந்தது.

எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சாமியார், அதாவது பாதிரியார், இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் கையில். உபதேசியார் என் மனைவியின் பெரியப்பா. முப்பது வருடமாக அவர்தான் செபம் சொல்லி, மந்திரம் படிப்பித்து, செத்தவர்களை அடக்கம் செய்து வந்தார். சாமியார் நன்மை கொடுக்கும்போது ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் பித்தளைத் தட்டைப் பிடிப்பவரும் அவர்தான், ஒரு துகள்கூடக் கீழே விழக்கூடாது என்பதற்காக. நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் நாக்கில் வைக்கும் அந்த மெல்லிய அப்பத்தை. அது ஆண்டவரின் உடல். பல் படக்கூடாது, கை படக்கூடாது, நாக்கிலேயே கரைய வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சிறுவயதில் படிப்பித்தவர் அவர்.

பல்செட்டுடன் நான் நன்மை வாங்கிய முதல் ஞாயிறு, அது நாக்கை விட்டுக் கிளம்பி அண்ணத்துத் தகட்டில் போய் ஒட்டிக்கொண்டது. ஈரத்தாள் கண்ணாடியில் ஒட்டுவதுபோல. நாக்கால் நெம்பினேன், அசையவில்லை. மேல்செட்டுதான் அசைந்தது. பூசை முடியும்வரை வாயை மூடிக்கொண்டு நாக்கோடு போராடினேன்.

வெளியே வந்ததும் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

"என்னா மாப்ள, நன்மை வாங்கிட்டுப் போயி மாடு அச போடறாப்ல போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"தகட்டுல ஒட்டிக்கிச்சுங்க மாமா."

"ஒட்டிக்கிட்டா?"

"கரைஞ்சிருச்சுங்க."

"முச்சூடுமா?"

ஆமாம், முழுக்கக் கரைந்தது என்று சொல்லியிருக்கலாம். வேறு எவனாயிருந்தாலும் சொல்லியிருப்பான். சரிபார்க்காத எதற்கும் நான் ஆமாம் சொல்வதில்லை. கூட்ஸ் ஷெட்டில் அப்படிப் பழகியவன். "வூட்டுக்குப் போயி கழட்டி அலசறப்ப பாத்தாத்தான் தெரியுங்க" என்றேன்.

"அலசற தண்ணி எங்க போவுது?"

"பொடக்காளி முருங்க மரத்துக்குங்க."

அவர் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது. பூசை முடிந்ததும் சாமியார் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அலசி, ஒரு சொட்டு விடாமல் தாமே குடித்துவிடுவார். பாத்திரத்துக்கே அந்த மரியாதை. அவர் கணக்கில் என் பல்செட்டு வாய் இல்லை, வாய்க்குள் இருக்கும் ஒரு பாத்திரம். அதில் பட்ட ஆண்டவரை நான் கொல்லைப்புற முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

"இனிமே கழட்டி வெச்சிட்டுத்தான் நன்மைக்கு வரணும் மாப்ள" என்றார்.

"மாட்டேங்க மாமா."

"செருப்பக் கழட்டிட்டு வரோமில்ல? அதாட்டந்தான்."

"செருப்பு இல்லாட்டி யாரும் என்னயப் பெரியவரேன்னு கூப்பிட மாட்டாங்க."

அடுத்த பூசைக்குப் போனபோது கோயில் வாசலில், படிக்கு வலப்புறம், ஒரு முக்காலிமேல் பீங்கான் ஊறுகாய் ஜாடி இருந்தது. நன்றாகக் கழுவி, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. என் பல்லுக்கு! அவர் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். துணிகூடத் துவைத்த துணி. ஆனால் ஊரே பார்க்க, அந்த முக்காலியின் முன்னால் நின்று, வாயில் விரலை விட்டுப் பல்லைக் கழற்றி, பொக்கை வாயோடு கிராதிவரை நடக்க வேண்டும். கிராதி என்பது நாங்கள் வரிசையாக முட்டி போடும் கட்டை. வாசலிலிருந்து அதுவரை இருபத்தாறு எட்டு. இருபுறமும் நூறு பேருக்குக் குறையாது.

நான் ஜாடியைத் தாண்டி உள்ளே போனேன். ஆனால் கிராதிக்குப் போகவில்லை. அந்த ஞாயிறும் போகவில்லை, அதற்கடுத்த மூன்று பூசைகளிலும் போகவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் தொடர்ந்து நன்மை வாங்காவிட்டால் அவனுக்கு நரகத்துக்கு இழுக்கும் சாவான பாவம் இருக்கிறது என்று பொருள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளிலும் வாங்காவிட்டால் கேட்கவே வேண்டாம். என்ன பாவம் என்பதை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டார்கள். சேலத்துக்கு ஐந்து முறை போய் வந்ததை அதோடு சேர்த்துப் பேசியதாகவும் காதில் விழுந்தது.

"பாஸ்குக்காவது கழட்டி வெச்சிட்டு வாங்களேன். ஒரு நிமிசந்தானுங்களே?" என்றாள் என் மனைவி. அவள் கெஞ்சியது பெரியப்பாவுக்காக மட்டும் இல்லை. கிணற்றடியில் அவளைத்தான் கேட்டார்கள்.

"ஏழு மாசம் துண்டப் போட்டுக்கிட்டு இருந்தவன் நானு. அந்த ஒரு நிமிசம் எனக்கு வேண்டாம்."

"அப்ப நன்மை?"

"பல்லோடதான் வாங்குவேன்."

சும்மா இருந்துவிடவில்லை. கணக்கெடுத்தேன். எங்கள் ஊரில் குழி விழாத பல் எத்தனை வாயில் இருக்கிறது? பூசை முடிந்து புளியமரத்தடியில் நின்று பேசும்போது சிரிக்கிறவர்களின் வாயைப் பார்ப்பேன். சிரிக்காதவர்களைச் சிரிக்க வைப்பது எனக்கு வராத வேலை. ஆனால் அதற்குச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. என் பல்லைப் பார்த்ததுமே சிரித்தார்கள். நான்கு பூசைகளில் எழுபத்து மூன்று வாய்கள் தேறின. அதில் அறுபத்தொரு வாயில் குழி. அப்பத் துகள் தாராளமாக உட்காரக்கூடிய குழிகள். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் களத்தில் நாலைந்து பேரோடு கம்பு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அறுவத்தோரு பேருங்க மாமா. நன்மை அவங்க பல்லுக் குழியில சிக்காதா?"

"சிக்குனா நாக்கால எடுத்து முழுங்கிருவாங்க."

"நானும் நாக்கால எடுத்து முழுங்கறேன்."

"அவங்க பல்லு வாயில மொளச்சது மாப்ள. ஒங்குளுது சேலத்துல மொளச்சது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "காலைல வேப்பங்குச்சி போட்டுத் தேச்சுத் துப்பறீங்களே, அந்தக் குழியில இருந்ததெல்லாம் எங்க விழுது? முருங்கைக்கா, கத்திரிக்கா?" என்றேன். "ஒங்க வாயத் தொறங்க, நான் பாக்கறேன்" என்றேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு கம்பைத் தள்ள ஆரம்பித்தார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, "பாஸ்குக்குச் சாடி அங்கதான் இருக்கும்" என்றார்.

இருந்தது. அன்றைக்குத் துணிகூடப் புதுத் துணி. திருநாள் என்பதால் யாரோ ஜாடியைச் சுற்றிச் சாமந்திப் பூ வைத்திருந்தார்கள். ஊரே புதுத் துணி உடுத்தி வெளியே நின்றது. சாமியாருக்கு இரவில் இரண்டு ஊர்களில் பூசை. கண்ணெல்லாம் சிவந்து, மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி நேராகப் படியேறினார். வலப்புறம் பார்த்தார். வெள்ளைத் துணி, பூ, ஜாடி, தண்ணீர். கோயில் வாசலில் வைத்த தண்ணீர் தீர்த்தம் இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? துணியை விலக்கி, விரலை நனைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கைநிறைய அள்ளிப் பின்னால் நின்ற எங்கள்மேல் மூன்று முறை தெளித்துவிட்டு உள்ளே போனார்.

பெரியப்பாவின் வாய் திறந்து அப்படியே நின்றது. அது என்ன ஜாடி என்பது சாமியாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாமியாரே தொட்டுவிட்டார். முன்னால் நின்ற ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி விரலை நனைத்துச் சிலுவை போட்டாள். அவளுக்குப் பின்னால் அடுத்தவர். பிறகு வரிசையாக எல்லோரும். என் முறை வந்தது. பெரியப்பா முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப இது தீர்த்தங்க மாமா. இதுல எச்சிப் பல்லப் போடலாமுங்களா?"

நான் விரலை நனைத்து, நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று நிதானமாகச் சிலுவை போட்டுக்கொண்டு, பல்லோடு உள்ளே போனேன்.

நன்மை நேரம் வந்தது. இருபத்தாறு எட்டு நடந்தேன். கிராதியில் முட்டி போட்டேன். சாமியார் வலப்புறமிருந்து ஒவ்வொருவராக வந்தார், பெரியப்பா தட்டோடு கூடவே வந்தார். எனக்கு முன்னால் பதினோரு பேர். தட்டை இழுத்துக்கொள்வாரோ, சாமியார் காதில் சொல்லிவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்முன் வந்ததும் வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தேன். பதினான்கும் தெரியட்டும் என்றுதான் திறந்தேன். சாமியார் நன்மையை நாக்கில் வைத்தார். தட்டு என் தாடைக்குக் கீழே இருந்தது. கொஞ்சம் ஆடியது, ஆனால் இருந்தது.

இடத்துக்குத் திரும்புவதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பைவிட இறுக்கமாக. பூசை முடிந்தது, பாட்டு முடிந்தது, எல்லோரும் வெளியே போனார்கள். சாமியாரின் வண்டிச் சத்தமும் கேட்டு அடங்கியது. நான் முட்டி போட்டபடியே இருந்தேன். விரலை வாய்க்குள் விடுவேன் என்று யாராவது நினைத்தால் அவர்கள் என்னை அறியாதவர்கள். நாக்கை மெதுவாக, ஒரே இடத்தில், ஓரத்திலிருந்து தேய்த்தேன். எண்ணினேன். முந்நூற்று நாற்பதுக்குமேல் ஒரு மூலை எழும்பியது. நானூற்றுப் பத்தில் தகடு வெறும் தகடாக வழுக்கியது.

எழுந்து திரும்பினால் பெரியப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். மெழுகுவத்திகளை அணைக்கும் கோல் அவர் கையில்.

"கரஞ்சிருச்சா மாப்ள?"

"பாத்துக்குங்க." வாயைத் திறந்து தலையை நிமிர்த்தினேன். கழற்றவில்லை. அவர் சன்னல் வெளிச்சத்துக்கு என் தாடையைத் திருப்பி, சேலத்துச் சீனாக்காரரைவிடக் கவனமாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார், நம்ப முடியாதவர் குரலில்.

"இப்ப ஒங்க வாயி."

"எனக்கெதுக்கு?"

"எனக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

சுற்றிப் பார்த்தார். கோயிலில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. முப்பது வருடம் ஊரார் வாய்க்கெல்லாம் தட்டுப் பிடித்தவர், மெதுவாகத் தம் வாயைத் திறந்தார். ஒன்பது பல். நான்கில் குழி. கீழ்வரிசையில், இடப்புறக் கடைவாயில், கறுத்த குழி ஒன்றின் அடியில் வெள்ளையாக என்னவோ இருந்தது. அது நன்மையா, உதிர்ந்த பல்லின் காரையா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லவும் இல்லை.

"எடப்பக்கம், கடைசிக்கு முந்துனது. வெள்ளையா என்னமோ இருக்குதுங்க மாமா" என்றேன்.

அவர் நாக்கு அந்தப் பக்கம் போனது. கண் என்மேலேயே இருந்தது. பிறகு கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் முட்டி போட்டிருந்த அதே இடத்தில் முட்டி போட்டார்.

நான் வெளியே போனேன். வெயில் ஏறியிருந்தது. என் மனைவி புளியமரத்தடியில் காத்திருந்தாள். அவளோடு இருபது இருபத்தைந்து பேர், என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டோம் என்று நின்றார்கள்.

"பெரியப்பா எங்கீங்க?" என்றாள்.

"உள்ள இருக்காரு. கொஞ்ச நேரம் ஆவும்" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி நன்றாகச் சிரித்தேன்.